கோர்படி சாலைக்குப் பழைய தார்

புனேவில் கோவிந்தராஜனின் சாலைபோடும் நிறுவனத்தில் பழைய தாருக்கு ஒரே கதிதான். சாலையிலிருந்து கல்லோடு சேர்த்துச் சுரண்டு, லாரியில் ஏற்று, கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டு. 2004-ஆம் வருஷம் அந்த வழக்கத்துக்குக் குறுக்கே வந்து நின்றவள், அங்கே சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட மங்கையர்க்கரசி. திருச்சிக்காரி.

“கல்லு கல்லாத்தானே சார் இருக்கு? தார்தான் வறண்டு போயிருக்கு. கொஞ்சம் எண்ணெய்ப் பசை குடுத்து, தண்ணியில உரியாம இருக்கச் சுண்ணாம்பும் சேத்தா, புதுசை விடக் கெட்டியா நிக்கும்” என்று அவள் சொன்னபோது அலுவலகமே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தாரைக் கையால் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சோதனைக்கூடத்தில் அவள் கலவை அசத்தியது. பத்துக்கு மூன்று பங்கு பழையது, மீதி புதியது. ஆனால் சிஞ்ச்வட்டுக்கு வெளியே இருந்த கலவை ஆலையில் மானம் போயிற்று. அங்கே புதுக் கல்லை நன்றாகச் சூடாக்கி, அதன் மேல் பழைய தாரைக் கொட்டுவார்கள். கல்லின் சூட்டில் அது இளகிக் கலக்க வேண்டும். இரண்டு முறை கலந்தார்கள். இரண்டு முறையும் கலவையைச் சோதனைக்கு வில்லையாக அழுத்தி ஒரு நாள் வெந்நீரில் ஊறவைத்தபோது, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

“சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்” என்றார் கோவிந்தராஜன். “அதுக்கப்புறம் அந்தப் பழைய தார்க் குவியல் குவாரிக்குப் போயிடும். நீங்க பழையபடி சிமென்ட் கட்டியை ஒடச்சிண்டு இருங்கோ.”

ஒன்பது வருஷமாக, பலம் சோதிக்க, அவள் உடைத்துக்கொண்டிருந்தது சிமென்ட் கட்டிதான். ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று தோன்றிய ஒரே யோசனை இதுதான். அதையும் பள்ளத்தில் கொட்டுவதா? அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை ஆலையில் கலவை கொட்டும் வாயருகிலேயே போய் நின்றாள். மூன்றாவது முறையாகக் கலவை இறங்கியது. வெள்ளையாக ஒரு மூட்டம் எழுந்து முகத்தில் அடித்தது.

“தள்ளி நில்லுங்க மேடம், புகை!” என்று கத்தினார் மேஸ்திரி சேவியர். தூத்துக்குடிக்காரர், புனேவுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு அப்படியே இருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். விரலில் கரி இல்லை. ஈரம். புகையாவது, மண்ணாவது! இது நீராவி.

நேராகக் குவியலுக்குப் போனாள். மேலே மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மண்வெட்டியை வாங்கி முழங்கை ஆழம் தோண்டினாள். உள்ளே சொதசொதவென்று இருந்தது.

“தண்ணி எப்படி வந்துச்சு?”

“நாமதான மேடம் அடிக்கோம்? தினம் காலையில ஏழு மணிக்கு டேங்கர் வரும்லா. எதுத்த ஃப்ளாட் சொசைட்டிக்காரங்க தூசி தூசின்னு சண்டைக்கு வருதாங்க.”

அவள் வேலைக்கு வருவது ஒன்பதரைக்கு. அதற்குள் வெயில் மேல்தோலைக் காயவைத்துவிடும். போதாததற்கு அவளே, புத்தகத்தில் சொன்னபடி, மாதிரிக்கு எடுத்த தாரை அடுப்பில் உலர்த்திவிட்டுத்தான் சோதித்திருக்கிறாள். ஆலைக்குப் போனதோ ஈரத் தார். கல்லின் சூடெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே தீர்ந்துபோனது. பழைய தாருக்கு மிச்சமில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“டேங்கரை நிறுத்துங்க, சேவியர்.”

“அப்பம் தூசி?”

“மேல தகரக் கூரை போடுங்க. சுத்திலும் படுதா கட்டுங்க. வெயில்ல பரப்பிக் காயவச்சதுதான் இனிமே உள்ள போகணும்.”

கூரை ஒரே நாளில் ஏறியது. காய்ந்த தாரில் கலந்த வில்லை சனிக்கிழமை முழுக்க வெந்நீரில் கிடந்தும் முழுசாக வெளியே வந்தது. அப்போதும் கோவிந்தராஜனுக்கு மனசு வரவில்லை. கோர்படியில், ராணுவ லாரிகள் ஓடும் சாலையில் இருநூறு மீட்டர் மட்டும் கொடுத்தார். அதற்கு அடுத்த இருநூறு மீட்டர் முழுக்கப் புதுக் கலவை. “மழை முடியட்டும், இரண்டையும் வெட்டிப் பார்க்கிறேன்” என்றார் அந்தச் சாலைக்குப் பொறுப்பான அரசுப் பொறியாளர் குல்கர்ணி.

அந்த வருஷ மழை நான்கு மாதம் பெய்தது. ஸ்கூட்டரில் தினமும் கோர்படி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

அக்டோபரில் இரண்டு பகுதியிலிருந்தும் மும்மூன்று துண்டுகளை வெட்டி எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, குல்கர்ணியின் கண்ணெதிரே அழுத்த இயந்திரத்தில் வைத்தார்கள். புதுக் கலவைத் துண்டுகளில் கெட்டியானதே ஆயிரத்துத் தொண்ணூறு கிலோவில் விரிசல் விட்டது. நல்ல பலம்தான்.

அடுத்து அவளுடையது. ஆயிரம். ஆயிரத்து நூறு. முள் நிற்கவில்லை. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில்தான் மெல்ல ஒரு விரிசல் விழுந்தது.

“இன்னொன்று வையுங்கள்” என்றார் குல்கர்ணி மராத்தியில். வைத்தார்கள். மூன்றையும் வைத்தார்கள். மூன்றும் புதுசை மிஞ்சின. சேவியர் விசிலே அடித்துவிட்டார்.

“இது யார் செய்தது?” என்று கேட்டார் குல்கர்ணி.

கோவிந்தராஜன் ஓரடி முன்னால் வந்து, கைகளைச் சேர்த்து, “எங்கள் கம்பெனியின்…” என்று ஆரம்பித்தார்.

“நான் செய்தது, சாஹேப்” என்றாள் மங்கையர்க்கரசி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கோவிந்தராஜன் முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தார்.

குல்கர்ணி பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். “அடுத்த பதினோரு கிலோமீட்டருக்கும் இதே கலவைதான். வடிவமைத்தவர் இங்கே கையெழுத்துப் போட வேண்டும்.”

கட்டம் சின்னது, அவள் பெயரோ நீளம். முதலெழுத்தோடு சுருக்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. கோட்டைத் தாண்டி, காகிதத்தின் ஓரம் வரைக்கும், முழுப் பெயரையும் எழுதினாள்.