மணி இல்லாத கட்டில்

"அத்தே, மணி இல்லாத பொம்மைக்கு வலிச்சா யாருக்குத் தெரியும்?"

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது கேட்ட கேள்வி அது. ஆய்வுக்கூடத்தின் நடுவே இரண்டு கட்டில்கள் கிடந்தன. இரண்டிலும் ஆள் கனத்தில் ரப்பர் பொம்மைகள். ஒன்றின் கீழே புது விரிப்பு, மற்றதன் கீழே கடையில் வாங்கிய சாதாரண விரிப்பு. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் புது விரிப்புக்குத் தெரிந்துவிடும். கட்டில் காலில் மாட்டியிருக்கும் சின்ன மணியை அடித்துக் கூப்பிடும்.

"அது பொம்மைடீ. அதுக்கு எங்கே வலிக்கப்போகுது?" என்றாள் அத்தை.

"மனுசங்களைப் படுக்க வைக்கறப்போ?"

"அப்போ பாத்துக்க நர்ஸ் இருப்பாங்க."

குழந்தை திருப்தியடைந்ததுபோல் தலையாட்டியது. பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் மணி இல்லாத பொம்மையை ஒருக்களித்துப் படுக்க வைக்க முயன்று, கனம் தாங்காமல் விட்டுவிட்டது.

அந்த விரிப்பு மனிதர்களுக்காகப் பிறந்ததல்ல. தானியக் கிடங்குகளில் அடுக்கின் அடியில் இருக்கும் மூட்டைகள் மேல் பாரத்தாலும் ஈரத்தாலும் வெளியே தெரியாமல் அழுகிப் போகும். பாரத்தையும் ஈரத்தையும் உணர்ந்து சொல்லும் ஒரு நூலை அதற்காக அத்தையின் பேராசிரியர் செய்திருந்தார். பாலம் கட்டப் படித்தவரும், நெசவு படித்தவரும், மருத்துவம் படித்தவரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கும் கூடம் அது. மருத்துவமனையிலிருந்து வேறு வேலையாக வந்த டாக்டர் ஒருவர் அந்த நூலைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வார்டுலயும் அடி மூட்டைங்க இருக்கு சார்" என்றார். முதுகுத்தண்டு அடிபட்டு அசையாமல் கிடப்பவர்களைச் சொன்னார். அவர்களுக்குப் படுக்கைப் புண் வரும். உணர்ச்சி செத்த உடம்பு என்பதால் வருவது அவர்களுக்கே தெரியாது. தெரியும்போது எலும்புவரை போயிருக்கும்.

அத்தை அந்த நூலை விரிப்பாக நெய்தாள். அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அண்ணன் அவளை, "ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா" என்பான். அவன் எலக்ட்ரீஷியன். "நான் கம்பியைத் தொட்டா வீட்டுல வெளக்கு எரியும். நீ தொட்டா காகிதத்துலதான் எரியும்" என்று சீண்டுவான். ஆனால் முதல் விரிப்பின் இணைப்புகளை ஞாயிற்றுக்கிழமையில் வந்து பற்றவைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

மருத்துவமனையில் சோதனை தொடங்கியது. தண்டுவட வார்டில் பாதிக் கட்டில்களுக்குப் புது விரிப்பு, பாதிக்கு வழக்கமான விரிப்பு. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினால் ஒழிய எந்த மருத்துவமனையும் நம்பாது. சோதனைக்கு வெளியே யாருக்கும் அந்த விரிப்பை விரிக்கக் கூடாது. புண் வந்திருக்கிறதா என்று அளக்க வருகிறவர் நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கக் கூடாது. இரண்டும் நியாயமான விதிகள். அவள் கையெழுத்துப் போட்டாள். வார்டில் எல்லோரும் அவளை 'மணிக்காரம்மா' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்தான்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் பழையபடி. ஊரில் தண்டுவட வார்டு அது ஒன்றுதான். மணிக்காரம்மா வந்து சேர்வதற்குள் அண்ணி சோதனைக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாள், மணி கிடைக்கும் என்ற நம்பிக்கையில். கணினி குலுக்கியது. சாதாரண விரிப்பு விழுந்தது.

வராந்தாவில் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கையிலதானே இருக்கு? மாத்திப் போடேன்."

"என் கையில இல்ல அண்ணி. கம்ப்யூட்டர் போடுது."

"கம்ப்யூட்டர் என்ன கூடப் பொறந்ததா? நீதானே கூடப் பொறந்தவ."

மணிக்காரம்மா பேராசிரியரிடம் போனாள். அவர் நல்லவர். "வேணும்னா அவரைச் சோதனையிலிருந்து விலக்கிடலாம்மா. ஆனா விலக்கினாலும் அதே சாதாரண விரிப்புதான். ஒருத்தருக்கு மாத்தினோம்னா நாளைக்கு மொத்தத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. அப்புறம் யாருக்குமே மணி கிடையாது" என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவள் வார்டுக்குத் திரும்பினாள்.

அண்ணனே சிரித்தான். "எனக்கு மணி எதுக்குடீ? வாய்தான் இருக்கே!"

மாதங்கள் போயின. முதல் கட்டக் கணக்கு வந்தபோது கூடத்தில் எல்லோர் முகமும் தொங்கிப் போயிற்று. மணி உள்ள கட்டில்களில் புண் இல்லை. மணி இல்லாத கட்டில்களிலும் ஏறக்குறைய இல்லை.

"உங்க விரிப்பும் எங்க வீட்டுப் பழைய போர்வையும் ஒண்ணுதான் போல" என்றார் புள்ளியியல் பார்க்கிறவர். கேலிதான், ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. இப்படியே போனால் அடுத்த கூட்டத்தில் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

மறுநாள் பிற்பகல் மணிக்காரம்மா கருவி எதுவும் எடுக்காமல் வார்டில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் லாரி ஓட்டியவர் ஒருவர். தலையிலும் அடி, கண் திறந்திருந்தாலும் யாரையும் தெரியாது. அவருக்கு மணி உண்டு. அவருடைய மனைவியை வார்டே 'லாரி அக்கா' என்று கூப்பிடும். சத்தமான பெண். டாக்டரையே, "கொஞ்சம் நகருங்க தம்பி, வெளிச்சத்தை மறைக்கறீங்க" என்பாள்.

மணி அடித்தது. லாரி அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து, கணவரைப் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பிறகு நேராக அண்ணன் கட்டிலுக்கு வந்தாள்.

"என்ன எலக்ட்ரீஷியன் சார், கரண்ட் இருக்கா?"

"எங்கேக்கா, நீங்க வந்தாதான் வருது."

"வாய் மட்டும் குறைச்சலே இல்ல." சொல்லிக்கொண்டே அவன் முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் பிடித்து ஒரே வீச்சில் திருப்பினாள். விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். அந்த வரிசை நெடுக அதுவே நடந்தது. ஒரு கட்டிலில் மணி அடித்தால், அக்கம்பக்கத்தில் மணி இல்லாதவர்களையும் துணைக்கு இருந்தவர்கள் திருப்பிப் படுக்க வைத்தார்கள். ஓர் ஊழியரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மணிக்காரம்மாவுக்குக் கண் கலங்கியது. கடவுள் இந்த வார்டைக் கைவிடவில்லை என்று தோன்றியது. மருத்துவமனை வாசலைத் தாண்டுவதற்குள் அந்த மகிழ்ச்சி கரைந்துவிட்டது. சோதனை பிழைக்க வேண்டுமென்றால் இது நிற்க வேண்டும்.

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் விரிப்பு உபயோகமற்றது என்று முடிவாகும். உலகத்தில் எத்தனையோ வார்டுகளில் லாரி அக்கா கிடையாது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, அவள் உண்மையைச் சொன்னாள்.

பேராசிரியர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "அடடா" என்றார். "ரொம்ப நல்ல ஜனங்கம்மா." பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். கட்டில் மணிகள் கழற்றப்பட்டன. அவற்றுக்குப் பதில் நர்ஸ்கள் அறையில் ஒரு பலகையில் விளக்குகள் எரிந்தன. விரிப்பு உள்ள கட்டில்கள் ஒரு கோடியிலும் மற்றவை மறுகோடியிலுமாக நகர்ந்தன. லாரிக்காரர் மூன்றாவது சன்னல் பக்கம் போனார். அண்ணன் கதவோரம் வந்தான்.

நர்ஸ்கள் கெட்டவர்கள் அல்லர். குறைவானவர்கள். விளக்கு எரிந்த கட்டிலுக்கு ஓடினார்கள். ஓடி முடிப்பதற்குள் அடுத்த விளக்கு எரிந்தது. எரியாத கட்டில்களுக்கு ஓட யாருக்கும் நேரம் மிஞ்சவில்லை. அண்ணி பகலில் தையல் கூடத்துக்குப் போயாக வேண்டும்; வீட்டில் உலை வைக்க வேறு கை இல்லை. லாரி அக்கா இரண்டொரு முறை கதவோரம் வந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் வரக் கூடாதும்மா, சோதனை நடக்குது" என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். மணிக்காரம்மா வந்து அளந்துவிட்டுப் போனாள். தொடவில்லை.

ஒருநாள் அளக்கும்போது அண்ணனின் இடுப்புக்குக் கீழே செக்கச் செவேல் என்று ஒரு வட்டம் இருந்தது. விரலால் அழுத்தினாள். வெளுக்கவில்லை. உள்ளே புண் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்றே டாக்டரிடம் சொன்னாள். மருந்து வைத்தார்கள், நர்ஸிடம் அழுத்திச் சொன்னார்கள். அடுத்த வாரம் அது தோல் உரிந்து கிடந்தது. அதற்கடுத்து வாடை வந்தது.

"ஏண்ணா, நர்ஸைக் கூப்பிட்டு திருப்பச் சொல்லலையா? வாய் இருக்குன்னு சொன்னியே!"

அவன் கூரையையே பார்த்தான். "மொதல்ல கூப்பிட்டேன். அப்புறம் உங்க புரொபசர் சார் வந்து வழக்கமா எப்படியோ அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாரு. நான் சும்மா சும்மா கூப்பிட்டா உன் கணக்கு கெட்டுடுமோன்னு... ஏற்கெனவே ஒரு தடவை எங்களாலதானே கெட்டுது. வலி ஒண்ணும் தெரியலடீ. நெஜமா."

அவள் விதியை அன்று மறந்தாள். தானே அவனைத் திருப்பினாள், பேராசிரியரிடமும் சொல்லிவிட்டாள். அவர் அண்ணனைச் சோதனையிலிருந்து விலக்கினார். அதுவரை வந்த புண் மட்டும் கணக்கில் நின்றது. அதற்குள் சீழ் எலும்பைத் தொட்டிருந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. மழை பெய்த ஒரு காலையில், அண்ணி தையல் கூடத்துக்கு விடுப்புச் சொல்லப் போயிருந்த நேரத்தில், அவன் போய்விட்டான்.

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பின் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, "குடி. காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல நீ" என்றாள். மகள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாம் கட்டக் கணக்கு தெளிவாக வந்தது. ஒரு பக்கம் புண் மிகக் குறைவு, மறுபக்கம் ஏராளம். புள்ளியியல்காரர் இம்முறை கேலி செய்யவில்லை. திரையில் வரைபடத்தைக் காட்டிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஏராளத்தில் ஒரு புள்ளி யார் என்று அவருக்குத் தெரியும். ஆய்வு அச்சேறியது. ஒரு நிறுவனம் விரிப்பைச் செய்ய முன்வந்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் அந்த விரிப்பால் பிழைக்கப் போகிறார்கள். இது பொய்யில்லை. பேராசிரியர் அதைச் சொல்லி அவளைத் தேற்றப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். நல்லது நடந்திருக்கிறது என்பதற்காக நடந்த கெட்டது அழிந்துவிடாது. கடவுள் இரண்டையும் சேர்த்துக் கூட்டிக் கழிப்பவர் அல்லர், தனித்தனியே பார்க்கிறவர்.

சோதனை முடிந்ததால் பழைய விரிப்புகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நூல் நைந்துவிட்டது, இனி நம்ப முடியாது. புது விரிப்புகள் தொழிற்சாலையிலிருந்து வர மாதங்கள் ஆகும். பழையவற்றை எடுத்துவர மணிக்காரம்மாவே போனாள். போக வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்தார்கள்.

நடுப்பகல். மருந்து வாங்கும் வரிசை கீழ்த்தளத்தில் வாசல்வரை நீண்டிருந்தது. அதில் லாரி அக்காவின் முதுகு தெரிந்தது. மாடியில் நர்ஸ்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒருத்தி மட்டும் உள்ளறையில் மருந்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அணைந்த விளக்குப் பலகையை யாரோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கதவோரக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அவருடைய தம்பி பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தான்.

சன்னல் பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. லாரிக்காரரின் கீழே முந்தின நாளே சாதாரண விரிப்பு போட்டுவிட்டார்கள். அவர் மல்லாந்து கிடந்தார். விழிகள் கூரையில் எங்கோ நின்றன. மணிக்காரம்மா விரிப்புகளை எடுத்துப்போகக் கொண்டுவந்த பெட்டியைத் தரையில் வைத்தாள். சட்டையை விலக்கி, அவர் இடுப்பைச் சற்றே தூக்கி அடியில் பார்த்தாள். அங்கே ஒரு சிவப்பு. அப்போதுதான் வந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினாள். வெளுத்து, மெல்லத் திரும்பச் சிவந்தது.

இன்னும் நேரம் இருந்தது.

லாரி அக்கா செய்வதை அவள் எத்தனையோ முறை மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முழங்காலை மடக்கினாள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். ஒரே வீச்சில் வரவில்லை. அவர் கனமான மனிதர். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். திரும்பினார். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள், முழங்கால்களுக்கு நடுவே மடித்த துணி வைத்தாள், கீழே அகப்பட்டிருந்த காதை மெல்ல விடுவித்தாள். பிறகு விரிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் ஓரம்வரை நீவிவிட்டாள். "கரண்ட் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் கண்ணிமைக்கவில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தமும், "ஒரு மாத்திரைக்கு இவ்வளவு பெரிய வரிசையா" என்று சண்டை பிடிக்கும் குரலும் ஏறி வந்தன. மணிக்காரம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு, திரையை முன்போலவே இழுத்துவிட்டு, பின்படி வழியாக இறங்கினாள்.

மறுநாளும் வரிசை நீளும் நேரம் பார்த்து வந்தாள். அப்போது கையில் பெட்டி இல்லை.