பென்ஸ் நின்ற வளவு

மணக்குது. இன்னும் வெள்ளச்சேறு மணக்குது. என் மூக்குக்கு மட்டுந்தானா, கதவைத் திறக்கிற எவருக்கும் முதலில் இதுதான் வந்து முகத்தில் அடிக்குமா? இவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் தரைவிரிப்பைத் திரும்பவும் கழற்றுவார். இன்றைக்கும் சோறு ஆறிவிடும்.

உசாந்தி காரின் பின்சீற்றில் முழங்காலிட்டிருந்தாள். புது ரெக்சின் உறையின் ஓரத்தை இடது கையால் இழுத்துப் பிடித்து, வளைந்த ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். விரல்முனையில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தாள். ஆனாலும் ஊசியின் பின்பக்கம் ஏறி, சதை கறுத்துக் கன்றியிருந்தது. பின்சீற் முடிந்தால் கைவைக்கும் பலகைக்கு உறை. அதன் பிறகு முன்சீற்றுகள் இரண்டு. கார் வாங்க ஆள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாட்கள் இருந்தன.

"உசா, முன்னுக்கு வா. அமத்து."

ஊசியை உறையில் குத்தி வைத்துவிட்டு அவள் முன்சீற்றுக்கு மாறினாள். அவளுடைய புருஷன் சிவதர்சன் முன்சில்லின் அருகே மணலில் படுத்திருந்தான். பிரேக் எண்ணெயில் உள்ள காற்றை வெளியே எடுக்க, பிரேக்கின் சிறிய மூக்கில் சேலைன் குழாயைச் செருகி, மறுமுனையை ஜாம் போத்தலுக்குள் விட்டிருந்தான்.

"அமத்து… புடி… விடு. அமத்து… புடி… புடி புள்ள, கால எடுக்காத… இப்ப விடு."

இந்தக் காரில் அவள் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பன்னிரண்டு வருடங்களில் அவளுடைய வலது கால் அந்தப் பெடலை நன்றாகப் பழகிவிட்டது. எண்ணெயில் காற்று இருந்தால் கால் மெத்தையில் போவதுபோலப் போகும். இல்லாவிட்டால் கல்லில் வைத்ததுபோல நிற்கும். இப்போது இரண்டுமாக இல்லை. கல்லாக நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழே போனது.

"எப்பிடி?"

"இறங்குது."

"நேத்தையப் போலயா?"

"நேத்து ஓடிப் போனது. இண்டைக்கு நடந்து போகுது."

கீழே இருந்து அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. "உள்ளுக்குள்ள உப்பு திண்டுபோட்டுது. சிலிண்டரே மாத்தணும். நிலோஜனுக்குச் சொன்னா, பார்ப்பம் எண்டுறான்."

நிலோஜனும் சிவதர்சனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நிலோஜன் சுவிஸ் போனவன். அவன் தகப்பன் கொழும்பில் வாங்கி ஓடிய பழைய வெள்ளை பென்ஸ் இது. தகப்பன் இறந்ததும், "நீ என்ர டிரைவர் இல்ல மச்சான், நீ என்ர கூட்டாளி" என்று சொல்லி, நாவற்குடாவில் வாவிப் பக்கமாக இருக்கும் இந்த வளவில் கொண்டுவந்து விட்டான். கூட்டாளிக்குச் சம்பளம் இல்லை. கலியாண ஓட்டங்களில் வருவதில் பாதி நிலோஜனுக்கு, பாதி இவர்களுக்கு. டயர், எண்ணெய், பெயின்ற் எல்லாம் இவர்களுடைய பாதியில். குருக்கள்மடத்திலிருந்து கதிரவெளி வரை எத்தனையோ மாப்பிள்ளைகள் இந்தச் சீற்றில் இருந்து போயிருக்கிறார்கள். உசாந்தி ஒருநாளும் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

குசினிக்குப் போடவென்று வாங்கிய தகரங்களைக் காருக்குக் கொட்டில் போட எடுத்தார்கள். குசினிக்கு இன்னும் தறப்பாள் கூரைதான். வீடும் வளவும் அவளுக்குத் தாய் சீதனமாகக் கொடுத்தவை. காணி உறுதி அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் கொட்டிலை எங்கே போடுவது என்று சுவிஸிலிருந்து போனில் படம் பார்த்துச் சொன்னவன் நிலோஜன்.

கார்த்திகையில் நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள், வாவி பின்வேலியைத் தொட்டதும், சிவதர்சன் போன் எடுத்தான். நிலோஜனின் தமையனுக்கு டவுனில் மேட்டுக்காணி. மாடிவீடு, உயரமான கராஜ். அங்கே கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான்.

"மழைக்க ரோட்டில எடுக்காத மச்சான். எங்கயும் அடிபட்டா ஆர் பாக்கிற? உங்கட பக்கம் அவ்வளவு வராது. நீ சும்மா பயப்பிடுற."

அடுத்த நாள் பின்னேரம் முற்றத்தில் தண்ணீர். மகளைப் பக்கத்து வீட்டாரோடு பள்ளிக்கூடத்து வெள்ள முகாமுக்கு அனுப்பிவிட்டு, சிவதர்சன் வீட்டுக்குள் பார்த்தான். பிறகு கொட்டிலைப் பார்த்தான். எதை முதலில் என்று அவன் அவளிடம்தான் கேட்டான். வாயால் கேட்கவில்லை. அப்படி நின்றான்.

"முதல்ல காரைத் தூக்குவம்," என்று சொன்னவள் உசாந்தி.

அதைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அவனல்ல, அவள் சொன்னாள். நிலோஜனின் குரல் போனில் எப்படிக் கேட்கும் என்பதுதான் அந்த நேரம் அவளுடைய காதில் இருந்தது. வீட்டுக்குள் இருந்த தையல் மெசின் நினைவுக்கு வந்தது. வந்ததை அவள்தான் ஒதுக்கி வைத்தாள். ஐந்து நிமிடம், பிறகு போய்த் தூக்கலாம் என்று.

குசினிச் சுவருக்கென்று அடுக்கியிருந்த கற்களை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தாள். காரைத் தூக்கும் ஜக் மணலில் புதைந்தது. பலகை வைத்தார்கள். பலகை மிதந்தது. அவன் தண்ணீருக்குள் தலையைத் தாழ்த்தி, கையால் தடவி, ஜக்கின் வாயைச் சட்டத்தில் பொருத்தினான். ஒரு சில்லு தூக்க அரை மணித்தியாலம். நான்காவது சில்லு கல்லில் ஏறியபோது தண்ணீர் அவளுடைய தொடைக்கு மேலே. வீட்டுக்குள் போனபோது தையல் மெசினின் மேசை சரிந்து கிடந்தது. அரிசி மூட்டை ஊறிக் கனத்து இழுக்க முடியாமல் இருந்தது. இருவரும் ஒன்றும் எடுக்காமல் வெளியேறினார்கள். தண்ணீர் இன்னும் ஏறி, கற்களைத் தாண்டி, காருக்குள்ளும் போனது.

ஒரு கிழமை கழித்துக் கதவைத் திறந்தபோது பெடலின் மேல் சேறு இருந்தது. நிலோஜனுக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். அவன் பதில் சொன்னான்: "கல்லு இன்னும் ரெண்டு வச்சிருக்கலாமே."

தரைவிரிப்பைக் கழற்றி வேலியில் போட்டாள். அதன் அடியிலிருந்த பஞ்சை மிதித்து மிதித்துக் கழுவினாள். வயர் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்ததை, மகளின் பழைய பல்துலக்கியால், பெற்றோலில் தோய்த்துத் தேய்த்தாள். சிவதர்சன் சில்லுகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான். தை பிறந்தது. கலியாணங்களுக்கு வேறு கார்கள் போயின.

மாசியில் நிலோஜன் வந்தான். இறக்குமதித் தடை எடுபட்டு, நாட்டுக்குள் புது வாகனங்கள் வரத் தொடங்கிவிட்டனவாம். இனிப் பழையதை ஆரும் பார்க்கமாட்டார்கள், இப்பவே விற்றுத் தள்ளிவிட வேண்டுமாம். பிரேக் சிலிண்டர் கொண்டுவரவில்லை. பாட்டும் படமும் ஓடுகிற திரை ஒன்று, பின்னால் பார்க்கிற கமரா, வெள்ளை எல்ஈடி பல்புகள், கண்ணாடியில் தொங்கவிடுகிற வாசனை அட்டைகள் ஒரு கட்டு எல்லாம் கொண்டுவந்தான்.

"ஆக்களுக்கு முதல்ல கண்தான் மச்சான். மிச்சமெல்லாம் பிறகு," என்றான். "தங்கச்சி, சீற்றுக்கு உறை தைச்சுத் தருவீங்கதானே? கடையில குடுத்தா உங்கட கைப்பக்குவம் வராது."

கூலி என்ன என்று அவள் கேட்கவில்லை. கூட்டாளியின் பெண்சாதி எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்குகிறவன் வருவதற்கு அரை மணித்தியாலம் முந்தியே நிலோஜன் வந்துவிட்டான். காரைச் சுற்றி வந்தான். திரையைப் போட்டான். உள்ளே மூச்சை இழுத்துப் பார்த்து, இன்னும் இரண்டு வாசனை அட்டைகளைச் சீற்றின் அடியில் செருகினான்.

"சிவதர்சன், பிரேக்கைப் பத்தி நீயா வாயத் திறக்காத. கேட்டா மட்டும், ரெண்டு தரம் மிதிச்சா பிடிக்குமெண்டு சொல்லு."

"நிலோஜன், சிலிண்டரை மாத்திப்போட்டுக் குடுப்பமேடா. கலியாண ஆக்கள் ஏறுற கார்."

"அவன் மாத்துவான். வாங்குறவன்ட வேலை அது." பிறகு உசாந்தியின் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, வெள்ளத்துக்கு முதல் நாளே காரை அண்ணன்ட வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அவ்வளவுதான் கதை. இவன் சொன்னா முகம் காட்டிக்குடுத்திடும். நீங்க சொன்னா நம்புவான். நான் கதைச்சிட்டன், டிரைவரா இவனையே வச்சிருப்பான். காரோட இவனையும் சேர்த்துத்தான் குடுக்கிறன்."

சிவதர்சன் சிரிக்கப் பார்த்தான். "மாட்டோட கயிறையும் குடுக்கிற மாதிரி," என்றான். நிலோஜன் அவன் தோளில் தட்டிச் சிரித்தான்.

அவள் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள். அண்ணன்ட வீட்டில நிண்டது. மூன்று சொல். மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கஷ்டமாக இல்லை. மாசச் சம்பளம் என்ற ஒன்று இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. இந்த மூன்று சொல்லில் அது வரலாம். திரும்பவும் சொல்லிப் பார்த்தாள்.

காரை வாங்க இருந்த றிப்ஷான் காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். முன்னால் பெற்றோல் தாங்கியில் நான்கு வயது மகள் இனாயா. கட்டாரில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். சேட்டுக் கையை மடித்துவிட்டு வேலை தெரிந்தவனைப் போலவே காரைப் பார்த்தான். பொனற்றைத் திறந்து, எண்ணெய்க் கம்பியை இழுத்து விரலில் தேய்த்து மணந்தான்.

"அங்க பதினொரு வருஷமும் மத்தவன்ட காரத்தான் ஓட்டின அண்ணன்," என்றான் சிவதர்சனிடம். "அரபி பின்னுக்கு இரிப்பான், நான் முன்னுக்கு. ஒரு நாளைக்கி நம்மட காருல நம்மட புள்ளய ஏத்தணும் எண்டு ஒரு வீம்பு. ஊட்டுல அவ சொல்ற, ஒங்களுக்குப் பைத்தியம், ஒரு வேன் எடுங்களன் எண்டு."

"வேனில மாப்பிள்ளை ஏறுவானா?" என்றான் நிலோஜன்.

"அதுதான் நானும் சொன்ன."

இனாயா பின்சீற்றில் ஏறிக் குதிக்கத் தொடங்கினாள். அவளை அதட்டப் போன றிப்ஷான் நின்று, உறையின் ஓரத்தை விரலால் தடவினான். தையல் வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் போனது.

"இது ஆரு தைச்ச?"

"நான்தான்," என்றாள் உசாந்தி.

"மெசின் தையல் இல்லையே இது. கையாலயா? முழுசும்?"

"ஓம்."

"நிலோஜன் அண்ணன் சொன்ன, நீங்க தையக்காரி எண்டு. ஏன் தங்கச்சி இப்பிடிக் கஷ்டப்பட்ட? மெசின் இல்லையா?"

"வெள்ளத்தில போயிட்டுது."

சொன்ன பிறகுதான் அது அவளுடைய காதில் விழுந்தது. றிப்ஷானின் விரல் தையலிலேயே நின்றது.

"அப்ப, இந்த வளவுக்கு வெள்ளம் வந்த."

"இஞ்ச வந்ததுதான்," என்று நிலோஜன் உடனே சொன்னான். "ஆனா கார் இஞ்ச இல்லயே. முதல் நாளே அண்ணன்ட வீட்டுக்கு எடுத்திட்டம். மேட்டுக்காணி. கேளுங்க வேணுமெண்டா."

றிப்ஷான் அவனைப் பார்க்கவில்லை. "நீங்க அண்டைக்கு சுவிஸிலதானே அண்ணன். வளவு இவங்கட. இவங்க சொல்லட்டும்." குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்போல ஏதோ இருந்தது. "தங்கச்சி, எங்கிட்ட இரிக்கிற எல்லாம் இதுலதான் போகுது. நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். வேற ஒண்டும் கேக்கமாட்டன். கார் இஞ்ச நிண்டதா?"

"சொல்லுங்க தங்கச்சி," என்றான் நிலோஜன், சிரித்துக்கொண்டே.

அவள் சிவதர்சனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. துணியொன்றால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். விரல்களில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்லு என்கிறானா, சொல்லாதே என்கிறானா? பதின்மூன்று வருடம் கூட இருந்தும் அந்தக் குனிந்த கழுத்திலிருந்து அவளால் ஒன்றும் எடுக்க முடியவில்லை. இந்த மனிதர் நாளைக்கு என்ன செய்வார்? கராஜ் கராஜாகப் போய், நாற்பது வயதில், வேலை கேட்பாரா? மூன்று சொல் வாய்க்குள் தயாராக இருந்தது. நாக்கு அதைத் தள்ளவில்லை.

"கார் எங்கயும் போகல்ல," என்றாள்.

மிகவும் மெல்லத்தான் சொன்னாள். நிலோஜன் "தங்கச்சி" என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினான்.

"எதுவரைக்கும் தண்ணி?" றிப்ஷான் கேட்டான்.

அவள் நிமிர்ந்து நின்றாள். வலது கையை எடுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, தன் உடம்பிலேயே வைத்துக் காட்டினாள்.

றிப்ஷான் குனிந்து மகளைச் சீற்றிலிருந்து தூக்கி இறக்கினான். நிலோஜன் போனை எடுத்துக்கொண்டு வாசல் படலைப் பக்கம் நடந்தான். சிவதர்சன் அதே விரல்களைத் திரும்பவும் துடைத்தான்.

அவள் கையை எடுக்கவில்லை.