ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர்

இருநூறு வருடப் பழைய தாவரவியல் பூங்காவுக்கு மாதம் தவறாமல் டிக்கெட் எடுத்துப் போனார் நாற்றுப்பண்ணைக்காரர். மரம் பார்க்க அல்ல. கண்ணாடி வீட்டு வாசலில் பித்தளைப் பலகையோடு நின்ற கருஞ்சிவப்பு ரோஜாவைப் பார்த்துப் பொரும.

பதினோரு வருடம் மகரந்தம் தடவி அவர் உண்டாக்கிய ரகம் அது. ஜவுளிக்கடை வைத்திருந்த சகலை, வீட்டு வாசலுக்கு அழகாக இருக்கும் என்று ஒரு தொட்டியைக் கேட்டு வாங்கிப்போய், பூங்காவுக்குத் தானம் கொடுத்து, 'உருவாக்கியவர்' என்று தன் பேரைப் பொறிக்க வைத்துவிட்டார். அந்த வருட மழையிலேயே பண்ணையிலிருந்த தாய்ச்செடி அழுகிப்போனது. மிச்சம் இது ஒன்றுதான்.

ஒரு மாதம் மனைவியும் கூட வந்தாள். குனிந்து செடியைப் பார்த்த இவர் முகம் மலர்ந்தது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, ஒட்டைத் தாங்கி நின்ற காட்டு ரோஜா வேரிலிருந்து, விரல் கனத்தில் ஒரு தளிர் கிளம்பியிருந்தது. கிள்ளாவிட்டால் சத்தையெல்லாம் உறிஞ்சி ஒட்டைக் கொன்றுவிடும். தொழில் தெரிந்தவனுக்குக் கை தானாகப் போகும். இவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். தோட்டக்காரர் கிள்ளத்தான் போனாராம்; என் செடியில் ஒரு இலையைத் தொடக்கூடாது, அது வீரியத் தளிர் என்று சகலை விரட்டிவிட்டாராம்.

"கிள்ளி விடுங்க. பிள்ளை மாதிரி வளத்தீங்க," என்றாள் மனைவி.

"பேரு வச்சவன் வளக்கட்டும்."

"செத்துப்போனா உலகத்துலயே இருக்காதுங்க."

"போகட்டும்."

அடுத்த பூக்காலத்தில், மொட்டு விட்டதாகக் கேள்விப்பட்டதுமே சகலை புதுச் சம்பந்தி வீட்டாரைத் திரட்டிக்கொண்டு வந்தார். உறவாயிற்றே, இவர்களையும் அழைத்திருந்தார். புதர் முழுக்க ஐந்தே இதழோடு வெளுத்த வேலியோரக் காட்டு ரோஜாப் பூ. இதற்கா இவ்வளவு தூரம் நடக்க வைத்தீர்கள் என்று சம்பந்தியம்மாள் கேட்டார். பூங்காக் கண்காணிப்பாளர் பித்தளைப் பலகையையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

சகலை வியர்த்துப்போய் இவரை ஓரமாக இழுத்தார். "சகலை, இது நீங்க உண்டாக்கினதுதானே? என்ன ஆச்சுன்னு கண்காணிப்பாளருக்குச் சொல்லுங்க."

"சத்தமா சொல்லுங்க. அவருக்குக் கேக்கல," என்றார் இவர்.

வேறு வழியில்லாமல் சகலை அதையே சத்தமாகச் சொன்னார். சம்பந்தி வீடு மொத்தமும் கேட்டது.

கண்காணிப்பாளர் இவரிடம் ஓடிவந்து, வேறு செடி இருக்கிறதா, இதைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். இவர் முள்ளை விலக்கி, கறுத்துக் காய்ந்திருந்த ஒட்டைத் தொட்டார். மளுக்கென்று ஒடிந்தது.

"இல்லீங்க," என்றார்.

வீடு வந்து சேரும்வரை மனைவி நாலடி முன்னாலேயே நடந்தாள். அவருக்கோ, பலகையில் சகலை பேர் ஏறிய இந்த இரண்டு வருடத்தில் முதல்முறையாக நன்றாகப் பசித்தது.