ஹீட்டர் சூடு

கதவு படபடவென்று தட்டப்பட்டதும் டைட்டஸ் பஜ்ஜித் தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். வெள்ளிக்கிழமைதோறும் மேட்டில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் வீட்டு ஜெபம் நடத்துவது அவன் பொறுப்பு. இன்று மழையில் மேடேறச் சோம்பல்பட்டு, காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டு ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

கதவைத் திறந்தான். லயத்து ஜனங்கள் ஏழெட்டுப் பேர், கொழுந்து பறிக்கையில் கட்டும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"நீங்க ஏற முடியலைன்னா என்னங்க பிரதர்? உங்களுக்காக ஜெபிக்க நாங்க இறங்கி வந்துட்டோம்" என்ற நவோமி அக்கா அவன் நெற்றியைத் தொட்டாள். "அய்யோ, கொதிக்குதே!"

எல்லோரும் ஈரத்தோடு முழங்காலிட்டார்கள். அவன் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. டைட்டஸுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எந்திரிங்கக்கா. அது ஹீட்டர் சூடுங்க. எனக்குக் காய்ச்சலே இல்லீங்க."