ஒரு சாக்கு மொட்டைக்கறுப்பன்

கமலாசனி சாக்கின் வாயை அவிழ்த்துப் பார்த்தாள். நேற்று அந்தியில் நெல்லை உள்ளங்கையால் மட்டமாகத் தடவி, அடுப்புச் சாம்பலால் அதன்மேல் ஒரு கோடும் குறுக்கே இன்னொரு கோடும் இழுத்துவிட்டுத்தான் கட்டியிருந்தாள். இப்போது குறுக்குக் கோட்டின் ஒரு முனையைக் காணவில்லை. அந்த இடம் லேசாகக் குழிந்து, பிறகு யாரோ தடவிச் சமப்படுத்தியது போல இருந்தது. ஒரு பிடி போயிருக்கிறது. கூடினால் ஒன்றரைப் பிடி.

எலியென்றால் சாக்கைக் கடித்திருக்கும். கட்டை அவிழ்த்து, நெல்லை எடுத்துவிட்டு, திரும்பவும் அதே முடிச்சைப் போட்டுவைக்கிற எலி வன்னியில் இன்னும் பிறக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத கொட்டில். இருப்பது இரண்டே பேர். அவள் எடுக்கவில்லை. மிச்சம் இருப்பது பரமலிங்கம், பதினாறு வருடத்துக்கு முன் அவள் கழுத்தில் தாலி கட்டியவன்.

கிளிநொச்சியில் ஷெல் விழத் தொடங்கிய ஆடி மாதம் அவள் அயலவரின் உழவு இயந்திரத்தில் சட்டி பானைகளோடு மாங்குளம் வந்து சேர்ந்தாள். வாய்க்கால் பாய்கிற மூன்று ஏக்கர் வயலையும் கல்வீட்டையும் விட்டு வரும்போது, விதைநெல்லை மட்டும் விடமாட்டேன் என்று பரமலிங்கம் பின்தங்கினான். நான்கு நாள் கழித்து, சைக்கிளில் ஒரு சாக்கு மொட்டைக்கறுப்பன் நெல்லைக் கட்டிக்கொண்டு, ஆளே பாதியாகி வந்தான். அந்த நான்கு நாளைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை. "வழியில கொஞ்சம் மழை" என்றதோடு சரி.

உரமும் மண்ணெண்ணெயும் வவுனியாவைத் தாண்டி வராத காலம் அது. நிவாரண மாவும் பருப்பும் வருகிற கிழமையும் உண்டு, வராத கிழமையும் உண்டு. எவ்வளவு பசித்தாலும் அந்தச் சாக்கை அவர்கள் தொட்டதில்லை. மாயாண்டி என்கிற மலைநாட்டுக்காரர் காடு வெட்டித் திருத்திய தன் நிலத்தில் ஒரு ஏக்கரை அவர்களுக்கு விதைக்கத் தந்திருந்தார். "ஐயா, மொத மழ விழுந்து மூணு நாளைக்குள்ள வெதச்சிரணும். இல்லாட்டி கேட்டுக்கிட்டு நாலு குடும்பம் நிக்குது" என்று சொல்லியே தந்தார். ஒருகாலத்தில் தங்கள் வயலுக்குக் களை பிடுங்க வந்த சனத்திடம் இன்று கைநீட்டி நிற்கிறோமே என்று கமலாசனிக்கு முதலில் முகம் சுண்டியது. பிறகு அந்த வீம்பும் பசியில் கரைந்துபோனது. நிலம் இருக்கிறது, விதை இருக்கிறது, தைக்குப் பிறகு சோறு இருக்கும். அந்தச் சாக்கு மீதுதான் அவள் கணக்கெல்லாம் நின்றது.

அதில்தான் இப்போது ஒருவன் கைவைக்கிறான்.

யாருக்கென்று யோசிக்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. பரமலிங்கத்தின் தங்கை ஞானேஸ்வரி பள்ளிக்கூட வளவில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தாள். இரண்டு கிழமைக்கு முன் வந்து வாசலில் நின்றாள்.

"மச்சாள், ஒரு கொத்து நெல்லுத் தாருங்கோவன். சின்னவளுக்குக் காய்ச்சல். மா ரொட்டி தொண்டைக்குள்ள இறங்குதில்லை. குத்திக் கஞ்சி வைப்பம்."

"அது விதைநெல்லு மச்சாள். அதில கைவைச்சால் வாற வருசம் என்னத்தைத் தின்னிறது?"

சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த பரமலிங்கம் தலையை நிமிர்த்தவே இல்லை. குடு என்றும் சொல்லவில்லை, குடாதே என்றும் சொல்லவில்லை. அன்று அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகுதான் அரித்தது. கூடப்பிறந்தவள் அழுத கண்ணோடு திரும்பிப் போகிறாள், ஒருவன் எப்படிப் பேசாமல் இருப்பான்? பின்கதவால் கொடுக்கிற எண்ணம் இருந்தால் இருப்பான்.

நேரே கேட்க அவள் விரும்பவில்லை. கேட்டால் இல்லையென்பான், பிறகு கவனமாகிவிடுவான். அதனால்தான் சாம்பல் கோடு. களத்தில் சூடடித்த நெற்குவியலுக்கு அவளுடைய தாய் இப்படித்தான் குறி போட்டுவிட்டு வருவாள். அது ஊர்க் கள்ளனுக்காக. சொந்தப் புருசனுக்காகக் குறி போடவேண்டி வந்ததை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் போட்டாள். ஒன்பது நாளில் மூன்று தரம் கோடு கலைந்தது. அவனும் ஆள் சரியில்லை. விடியவே எழும்பிக் குளக்கட்டுப் பக்கம் போனான், ஈரக் கையோடு வந்தான், அவள் முகத்தைப் பார்த்துக் கதைப்பதைத் தவிர்த்தான். ஒருநாள் அவன் விரலில் புளித்த மணம்கூட வந்தது.

முருங்கை இலை கொடுக்கிற சாட்டில் அவள் ஞானேஸ்வரியிடம் போனாள். முதல் வேலையாக அடுப்பைத்தான் பார்த்தாள். சட்டிக்குள் மரவள்ளிக்கிழங்கு. முற்றத்தில் உமி கிடக்கிறதா என்றும் பார்த்தாள். இல்லை. சின்னவள் சாக்கில் சுருண்டு கிடந்தாள், உதடு வெடித்திருந்தது.

"கொண்ணை வந்தவரோ?"

"அண்ணையோ? அண்டைக்கு உங்கட வீட்டில கண்டதுதான். என்னோட கோவமோ மச்சாள்?"

அந்தக் கேள்விக்குக் கமலாசனி ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தாள். தங்கைக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு? குளக்கட்டடியில் புருசனைப் பறிகொடுத்த விமலேஸ்வரி தனியாக இருக்கிறாள். சீ என்று மனதை அதட்டினாள். அது அடங்குவதாக இல்லை. தங்கைக்கே கொடுத்திருக்கக்கூடாதா என்றிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமல் எழும்பிப் போனவனுக்குப் பின்னால் அவளும் போனாள். அவன் விமலேஸ்வரியின் படலையைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனான். குளக்கட்டின் கீழ் ஒரு மருத மரம். அதன் வேர் இடுக்கில் குந்தியிருந்து எதையோ எடுத்தான், பிரித்துப் பார்த்தான், வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். திரும்ப வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் ஒருதரம் துடைத்துக்கொண்டு வயல்பக்கம் நடந்தான்.

அவன் மறைந்த பிறகு அவள் போய்ப் பார்த்தாள். பழைய சாரத்துண்டில் கட்டிய மூன்று சின்ன முடிச்சுகள். எல்லாம் ஈரம். முதலாவதைப் பிரித்தபோதே அந்தப் புளித்த மணம் வந்தது. உள்ளே நெல்.

கமக்காரன் பெற்ற பெண்ணுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பிடி நெல்லை ஊறப்போட்டு ஈரத்துணியில் கட்டிவைத்தால் மூன்றாம் நாள் வெள்ளை முளை குத்தவேண்டும். அவன் முளை பார்த்திருக்கிறான். சாக்கின் மேலிருந்து ஒரு பிடி, நடுவிலிருந்து ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி. நெல்மணிகள் பூசணம் பிடித்து, நசித்தால் மாவாக வந்தன. பத்து நெல்லுக்கு ஒன்றுதான் முளைத்திருந்தது. மூன்றாவது முடிச்சில் அதுவும் இல்லை.

அவள் அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்த நெல்லுக்கா அவள் இத்தனை நாள் காவல் இருந்தாள்? செத்த நெல்லையா காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இல்லையென்றாள்? அவனுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால்தான் தலையை நிமிர்த்தவில்லை.

முளைக்காவிட்டாலும் சாக்கிலிருப்பது கஞ்சிக்கு ஆகும். வீட்டுக்கு வந்தவள் கொத்துப் பேணியால் இரண்டு கொத்து அளந்துகொண்டுபோய் ஞானேஸ்வரியின் கையில் கொடுத்தாள். மத்தியானம் அவனுக்குக் கிழங்கு வைக்கும்போது சொன்னாள்.

"மச்சாளுக்கு ரெண்டு கொத்து நெல்லுக் குடுத்தனான்."

நல்ல விதையென்றால் அவன் துள்ளியிருக்கவேண்டும். கிழங்கைப் பிட்டபடியே, "நல்லது" என்றான்.

அவனாகச் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். புதனும் போனது, வியாழனும் போனது. "விதைப்புக்கு எல்லாம் சரிதானே?" என்று ஒருதரம் கேட்டும் பார்த்தாள். "ஓம், சரி" என்றான். இவ்வளவு லேசாகப் பொய் வருகிறவனிடம் இன்னும் என்னென்ன பொய் இருக்கிறதோ என்று அவள் அவனைப் புதிதாகப் பார்த்தாள்.

வெள்ளி இரவு முதல் மழை கொட்டியது. ஞாயிறு காலை, தூறலுக்குள் அவன் சாக்கைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தான். அவளும் கூடப் போனாள். ஏன் விதைக்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது. இன்றைக்கு விதைக்காவிட்டால் நிலம் போய்விடும். விதைத்ததாகக் காட்டிவிட்டால், எங்காவது விதை கடன்படும்வரை பிடித்துவைக்கலாம்.

அவன் ஓலைக் கடகத்தை இடுப்பில் அணைத்து, கை வீசி விதைத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் புறாக்கள் இறங்கின. விதைப்பன்று புறா கலைப்பது பெண்டாட்டியின் வேலை. அவள் மண்கட்டி ஒன்றை எடுத்து ஓங்கினாள்.

"விடு கமலா," என்றான் அவன், திரும்பாமலே. "திண்டிட்டுப் போகட்டும்."

அவள் ஓங்கிய கையோடு நின்றாள். "ஏன்?"

"நெல்லு செத்துப்போச்சு. வழியில மழை. இனி நனையக்கூடாதெண்டு பொலித்தீனால சுத்தி இறுக்கிக் கட்டினனான். நாலு நாள் அவிழ்க்கேல்லை. உள்ளுக்கு வெந்திட்டுது."

"தெரியும்."

அவன் கை கடகத்துக்குள் நின்றது. "எப்ப துவக்கம்?"

"செவ்வாய்."

அவன் திரும்பிப் பார்த்தான். செவ்வாயிலிருந்து அவள் கேட்டவற்றையும் தான் சொன்னவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. இப்போது அவனும் அவளைப் புதிதாகத்தான் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

எதிர் வரம்பில் குடை ஒன்று அசைந்தது. மாயாண்டி வந்து நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, பொறா அம்புட்டையும் தின்னுருமே!" என்று கத்தினார்.

கமலாசனி கையை வீசினாள். கட்டி விழுந்த இடத்திலிருந்து புறாக்கள் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி இறங்கின. பரமலிங்கம் குனிந்தான். ஈர மண்ணில் கெட்டியான கட்டி ஒன்றைத் தேடி எடுத்து, அவள் கையில் வைத்தான்.