வாடிக்கையாளர் நாற்காலி

மதியக் கூட்டம் கலைந்து, தட்டுகளின் சத்தம் சமையலறைக்குள் ஒதுங்கிய நேரத்தில், அக்கா ஜன்னலோர மேஜையில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதே தப்பு. எந்த நேரமும் யாராவது கூப்பிடலாம் என்பதுபோல் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக அந்த மேஜையைத் துடைத்து வந்தவள், அங்கே ஒரு தடவைகூடச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

இது முதலாளி கொண்டுவந்த வழக்கம். வருடாந்திர மதிப்பீட்டுக்கு வருகிறவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார வேண்டும். மதிப்பிடுகிற மேனேஜர் அவருக்குத் தன் கையால் காபி பரிமாற வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் நம் குறை நமக்குத் தெரியும் என்பது முதலாளியின் கட்சி. காலையில் சமையல் மாஸ்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "இந்தக் காபியை யாருப்பா போட்டது? அவனை முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்க" என்றார். போட்டது அவரேதான்.

தங்கை மேனேஜராகி இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் போகவில்லை. அவளை இந்த உணவகத்தில் சேர்த்துவிட்டதே அக்காதான். காபியைக் கொண்டுவந்து வைத்தபோது கொஞ்சம் தட்டில் சிந்தியது.

"மேனேஜரம்மா காபியைச் சிந்திட்டாங்க. மார்க்குல கழிச்சுக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"சும்மா இரு. இன்னிக்கு மார்க் போடுறது நான்."

"போடு, போடு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துதானே ஆகணும் நீ."

தங்கை சிரித்தாள். சிரித்தபடியே மதிப்பீட்டுப் படிவத்தை மேஜையில் விரித்தாள். படிவத்தில் மற்றக் கட்டங்களை எல்லாம் காலையிலேயே நிரப்பிவிட்டாள். நேரத்துக்கு வருவது, சுத்தம், பேச்சு என்று எல்லாவற்றிலும் அக்காவுக்கு ஐந்துக்கு ஐந்து. 'கவனம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் மூன்றுக்குக் கீழே வாங்குகிறவர் இனி ஹாலில் வேண்டாம், பின்கட்டில் பாத்திரம் கழுவட்டும் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். மாலையில் படிவங்களை வாங்க வருகிறார். அக்காவைப் பின்கட்டுக்கு அனுப்புவது, பாடிக்கொண்டிருக்கிற ரேடியோவை அலமாரியில் வைத்துப் பூட்டுவது மாதிரி. பத்து நாளில் ஊமையாகிப்போவாள்.

அக்காவுக்கு ஆர்டரை எழுதி வாங்குகிற பழக்கமே இல்லை. எல்லாம் தலைக்குள். கொஞ்ச காலமாகத் தட்டுகள் மேஜை மாறிப் போகின்றன. ஆனால் அந்தத் தப்புகளில் ஒரு விசித்திரம் இருந்தது. குடும்பமாக வந்து, ஆளுக்கொன்று கேட்டு, பாதியில் மாற்றி, கூச்சல் போடுகிற மேஜைக்கு எதுவும் பிசகாமல் போய்ச் சேரும். மெனுவில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அடுத்தவருடைய சூப் போனது. போன வாரம் வேர்க்கடலை ஆகவே ஆகாத ஒரு பெண்ணின் முன்னால் வேர்க்கடலைக் குழம்பு போய் நின்றது. நல்லவேளை, அவள் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். பேசாதவர்கள்மேல் அக்காவுக்கு அப்படி என்ன பகை என்று தங்கை ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்..."

அதற்குள் அக்கா விருட்டென்று எழுந்துவிட்டாள். முகத்தில் ஹால் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்க சார், உள்ள வாங்க. நல்லா நனைஞ்சுட்டீங்களே!"

தங்கை திரும்பிப் பார்த்தாள். வாசலருகே யாரும் இல்லை. கோட்டு மாட்டுகிற கம்பத்தில், மதியம் யாரோ மறந்துவிட்டுப் போன நீல மழைக்கோட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தொப்பி.

"சாரால உக்கார முடியாது. அவருக்கு இடுப்பே கிடையாது," என்று சமையலறை ஜன்னலிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். அக்கா வேடிக்கை பண்ணுகிறாள் என்றே அவர் நினைத்தார். அக்காவும் சிரித்தாள். ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். அந்தப் பிந்தலில் தங்கைக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"என்ன எப்பலேர்ந்து?"

"அக்கா..."

அக்கா உட்கார்ந்து கோப்பையைத் தட்டில் வைத்துச் சுழற்றினாள். "போன குளிர்காலத்துலேர்ந்து. ரெண்டு மேஜை தள்ளிட்டா எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. மாவு உருட்டி வெச்ச மாதிரி. குரலை வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கேன். பேசுறவங்க பொழைச்சாங்க. இந்தத் தலையாட்டுற ஜென்மங்கதான் என்னைக் கொல்லுதுங்க."

"ஒரு கண்ணாடி போட்டா தீர்ந்துது. இதுக்குப் போயி..."

"கண்ணு மங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா ஹால்ல எவன்டி வெச்சுப்பான்? முன்னாடி இருந்த கேஷியரை எப்படி ஓரங்கட்டினாங்கன்னு நீயுந்தானே பார்த்தே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கவனத்துக்கு மூணு போடுடி. அஞ்செல்லாம் வேணாம். மூணு போதும்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா அவளிடம் எதையும் கேட்டதில்லை. தங்கை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். காபி ஆவி படிந்திருந்தது, துடைக்கத்தான் கழற்றினாள். அக்கா கை நீட்டி அதை வாங்கி, விளையாட்டுப்போல மூக்கில் மாட்டிக்கொண்டாள். ஒரே வயிற்றில் பிறந்த கண்கள், கண்ணாடி பொருந்திவிட்டது போலிருக்கிறது. அவள் கழுத்து மெல்ல ஹாலைச் சுற்றி வந்தது.

"ஐயையே, இந்த விளக்குல இவ்வளவு ஒட்டடையா? யாருடி துடைக்கிறது?"

"நீதான்."

அக்காவின் பார்வை தங்கையிடம் வந்து நின்றது. வெகுநேரம் நகரவில்லை. "உனக்கு எப்போடி நரைக்க ஆரம்பிச்சுது?" என்றாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே."

கதவு மணி அடித்தது. இந்த முறை நிஜமான ஆள், குடையை உதறிக்கொண்டு வந்த ஒரு பெரியவர். ஒரு வார்த்தை பேசாமல் கடைக்கோடி மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அக்கா எழுந்து போய்விட்டாள், கண்ணாடியோடு. "அக்கா, கண்ணாடி..." என்று தங்கை வாயெடுப்பதற்குள் அக்காவே ஒரு மங்கலான நிறமாகிப்போனாள்.

கண்ணாடி இல்லாமல் ஹால் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் படிவம் மட்டும் தெளிவாக, அந்தக் காலிக் கட்டத்தோடு கிடந்தது. தங்கை காதைத் தீட்டினாள். பெரியவர் பேசவில்லை. விரல் மெனுவில் எந்த வரியைத் தொட்டது என்று இங்கிருந்து எப்படித் தெரியும்?

"மாஸ்டர், ஒரு தக்காளி சூப்பு. ரொட்டி ரெண்டு, வெண்ணெய் தனியா," என்று அக்காவின் குரல் கேட்டது.

உருவம் உள்ளே போனது, திரும்பி வந்தது. எங்கோ ஒரு கிண்ணம் மேஜையில் இறங்கிய சத்தம். தங்கை பேனாவின் மூடியைக் கழற்றிக் காத்திருந்தாள். நாற்காலி பின்னால் நகருகிறதா, அதிருப்தியாக யாராவது செருமுகிறார்களா என்று. வாசலருகே மழைக்கோட்டு, உட்காரச் சொன்ன பிறகும் தயங்கி நிற்கிற ஓர் ஆளைப் போலவே தெரிந்தது.

பிறகு, கோடியிலிருந்து, கரண்டி கிண்ணத்தில் நிதானமாகப் படுகிற சத்தம் வர ஆரம்பித்தது.