பதினோரு மணிச் சங்கு

பனியன் துணியில் ஒரு பட்டை கிழித்து அப்பாவின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள் அமராவதி. முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் துணி இழுபட்டு வாய் மறுபடியும் திறந்துகொண்டது. இன்னும் இறுக்கிக் கட்டினாள். அதுவும் நிற்கவில்லை. முப்பது வருடம் மிஷினில் அவர் ஓட்டிய துணி, கடைசியில் அவருக்கே அடங்க மாட்டேன் என்றது.

"அது இழுத்துக்கிட்டேதான் போகும் கண்ணு. என்ற பழஞ்சேலைல கரையைக் கிழிச்சுக் கட்டு" என்றாள் அம்மா ஞானாம்பாள்.

சேலைக் கரை நின்றது. மணி ஏழுகூட ஆகவில்லை. கந்தவேலின் உயிர் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா அழவில்லை, அவருடைய கால்விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருக்காரர்கள் வரும்வரைதான் இந்த அமைதி என்று இருவருக்கும் தெரியும்.

உயிர் போவதற்குச் சற்று முன்னால் அவர் பேசினார். பத்து நாளாகத் தண்ணீர் என்ற ஒரு சொல்லுக்கே தவித்தவர், விடிகிற நேரத்தில் கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசினார். ஞானாம்பாள் வாசலைப் பார்த்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது பக்கம்தான் அவர் முகம் இருந்தது.

"புள்ளே, அந்த நூலு. நீ மாத்திச் சுத்தலை. நாந்தான் கவுறு மாத்திக் கட்டிட்டேன். அடுத்த நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்றதுக்கு வாய் வரலை."

ஞானாம்பாளுக்கு இடது காது கேட்காது. அவர் உதடு அசைந்ததை ஓரக்கண்ணில் பார்த்திருப்பாள் போல. கேட்காதபோதெல்லாம் சொல்லும் அதே சொல்லைச் சொன்னாள்.

"செரீங்க. தூங்குங்க."

கந்தவேல் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கஞ்சிக் கிண்ணத்தோடு கதவருகே நின்ற அமராவதிக்கு அந்த நிம்மதியைப் பார்த்ததும் ஆத்திரம்தான் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், அவளும் சரி என்றுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னது இப்போது அமராவதியிடம் மட்டும் இருந்தது.

அது நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பனியன் கம்பெனிகளில் நூல் சுற்ற ஆள் போதாத காலம். மிஷின்காரர்கள் சிட்டம் என்கிற நூல் கழிகளைச் சைக்கிளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வீட்டுப் பெண்கள் ராட்டினத்தில் பாபினாகச் சுற்றிக் கொடுப்பார்கள். இருபதாம் நம்பர் நூலும் இருபத்துநாலாம் நம்பர் நூலும் பண்டலைப் பிரித்துவிட்டால் எது மெல்லிசு என்று விரலுக்குச் சட்டென்று பிடிபடாது. அதனால் ஒன்றுக்கு வெள்ளைக் கயிறும் மற்றொன்றுக்குச் சிவப்புக் கயிறும் கந்தவேல்தான் கட்டிக் கொடுப்பார். ஞானாம்பாள் கயிற்றைப் பார்த்துச் சுற்றுவாள்.

அந்த ஐப்பசியில் இரண்டு நூலும் கலந்துவிட்டன. துணி வெளுத்து வந்தபோது பட்டை பட்டையாகத் தெரிந்தது. தீபாவளிச் சரக்கு முழுவதும் பாழ். முதலாளி அந்தத் துணியைக் கந்தவேலின் தோளில் போட்டு, வேலை முடியும்வரை எல்லோரும் பார்க்க வாசலில் நிற்கவைத்தார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவளை ஓங்கி ஓர் அறை அறைந்தார். ஒரே அறைதான். காதிலிருந்து ரத்தம் வந்தது.

ஊருக்குச் சொன்னது சீழ் பிடித்துக் காது போனது என்று. மகளிடம் மட்டும் அம்மா வேறு மாதிரி சொல்வாள்.

"நாந்தானே கண்ணு மாத்திச் சுத்துனேன். அந்த மனுசன் பத்துப் பேருக்கு முன்னால தலை குனிஞ்சு நின்னாரு. ஒரு அடி அடிச்சாரு, அதுக்கென்ன?"

அன்றிலிருந்து ஒவ்வொரு சிட்டத்தையும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். உலையில் அரிசி போடுவதற்குமுன்கூட அளந்ததை மறுபடி அளப்பாள். தன் கையை நம்பாத ஒரு பெண்ணாகவே பதினாறு வருடம் இருந்துவிட்டாள்.

கந்தவேல் அதன்பிறகு யார்மீதும் கை வைக்கவில்லை. அது நிஜம். அடுத்த தை மாதம், ஜனவரி முப்பதாம் தேதி, ஊர் அமைதிக் கமிட்டி நடத்தும் மௌன ஊர்வலத்தின் கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். ஊரிலிருக்கும் மில்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுத்திப் பேசாமல் நடப்பார்கள். பதினோரு மணிக்கு மில் சங்கு ஊதும். மிஷின், பஸ், சந்தை எல்லாம் இரண்டு நிமிடம் நிற்கும். மறுபடி சங்கு ஊதியதும், 'கையாலும் சொல்லாலும் ஒருவரையும் நோகடிக்க மாட்டேன்' என்று எல்லோரும் உறுதி சொல்வார்கள். வருடா வருடம் ஒரு வரிசை முன்னேறிக் கந்தவேல் தட்டி பிடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். ஐந்து வருடத்துக்கு முன் வேலைநிறுத்தத்தில் கல் பறந்தபோது, நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, பதிலுக்குக் கல் எடுத்த பையன்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமராவதிக்கு அந்த ஊர்வலமே பிடிக்காது. துவைத்த வேட்டியில் அப்பா வாசலைத் தாண்டிப் போவதையும், அம்மா வலது காதைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பதையும் பார்த்து வளர்ந்தவள் அவள். ஊருக்கெல்லாம் கும்பிடு போட்டவர் வீட்டுக்குள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவள் கோபம். கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் போனபிறகும் அந்தத் தேதி வந்தால் எரிச்சலாக இருக்கும். பார்த்துப் பார்த்து அதே தேதியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

எட்டு மணிக்குத் தெரு நிறைந்துவிட்டது. பெரியப்பா மகன் சாமியப்பன் வந்து, பந்தலுக்கு ஓலை, தப்பட்டைக்கு ஆள், நொய்யல் கரைச் சுடுகாட்டுக்குச் சொல்லி அனுப்புவது என்று எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் நேரம் நல்லதில்லை என்றான்.

தண்ணீர் எடுக்கப் புழக்கடைக்குப் போன அம்மாவின் பின்னாலேயே அமராவதியும் போனாள்.

"அம்மா, அப்பா காலைல உங்கிட்ட ஒண்ணு சொன்னாருல்ல…"

அதற்குள் பக்கத்து வீட்டுக் குப்பாயி ஓடிவந்து ஞானாம்பாளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். பேச்சு அத்தோடு போயிற்று. அமராவதிக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. புருஷன் செத்த நாளில், 'உன்னை ஒன்றுமில்லாததற்கு அடித்தார், தெரிந்தும் மறைத்தார்' என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? பதினாறாம் நாள் முடியட்டும், இல்லாவிட்டால் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அந்த நினைப்பை அம்மாவே கலைத்தாள். பிணத்தின் தலைமாட்டில் பெண்கள் வட்டமாகக் கூடி அழுதபோது ஞானாம்பாளும் வாய்விட்டு அழுதாள். தனக்குக் கேட்காததால் அவள் குரல் எப்போதுமே ஒரு படி உரக்கத்தான் இருக்கும்.

"உங்க பேரைக் கெடுத்த பாவி நானுங்க! நூலை மாத்திச் சுத்தி உங்களைத் தலை குனிய வெச்ச பாவி நானுங்க! என்னை மன்னிக்காமப் போறீங்களே!"

என்ன நூல், எந்தப் பாவம் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று முதுகைத் தடவினார்கள். அப்பா வீட்டைவிட்டுப் போவதற்குள் சொல்லியாக வேண்டும் என்று அமராவதிக்குப் பட்டது. இதைக் கேட்காமல் அம்மா அவருக்கு வாய்க்கரிசி போடக் கூடாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அம்மாவின் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னாள். வாசலில் தப்பட்டை முழங்கியது. சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. ஞானாம்பாள் அவள் வாயைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"செரி கண்ணு, செரி."

ஒன்பதரைக்குக் கமிட்டித் தலைவர் லிங்கசாமி வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கதர்ச் சட்டை, கையில் மடித்த காகிதம். கந்தவேலைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

"அம்மிணி, ஊர்வலம் வருசா வருசம் மைதானத்துல நின்னுதான் மௌனம் புடிப்போம். இந்த வருசம் உங்க ஊட்டு முன்னால நிக்கறதுன்னு கமிட்டியில பேசியிருக்கோமுங்க. பதினோரு மணிக்கு ரெண்டே ரெண்டு நிமிசம். தப்பட்டையும் அழுகையும் மட்டும் கொஞ்சம் நிறுத்தோணும்."

சாமியப்பனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எழவு ஊட்டுல வந்து அழுகாதீங்கன்னா எப்படிங்க? நாலு சனம் என்ன நெனைக்கும்?"

"இல்லீங்க, அவருக்கு மரியாதை பண்றாப்பல…"

"மரியாதை சுடுகாட்டுல பண்ணிக்கலாமுங்க."

"நிக்கட்டுங்கண்ணா" என்றாள் அமராவதி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊர்வலத்தைப் பற்றி அவள் நல்லதாக ஒரு சொல் சொல்லிச் சாமியப்பன் கேட்டதில்லை.

"ரெண்டு நிமிசந்தானே. நிறுத்தச் சொல்லுங்க."

லிங்கசாமி நெகிழ்ந்துபோய்க் காகிதத்தைப் பிரித்தார். "முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு எழுதியாந்திருக்கேன் அம்மிணி. 'வாழ்நாளில் ஒருவர்மீதும் கை ஓங்காதவர்' அப்படீன்னு ஆரம்பிக்குது. செரிதானுங்களா?"

அமராவதி அந்த எழுத்துக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவைக் கேட்டுக்குங்க" என்றாள்.

லிங்கசாமி உள்ளே போய்க் குனிந்து, காகிதத்தைக் காட்டி ஞானாம்பாளிடம் கேட்டார். எந்தப் பக்கம் நின்று கேட்டார் என்பதை அமராவதி கவனித்தாள்.

"செரீங்க" என்றாள் ஞானாம்பாள்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊர்வலம் தெருவுக்குள் வந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள். செருப்புச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. பந்தலின் முன்னால் வந்து நின்று தலை குனிந்தார்கள். சாமியப்பன் கையைக் காட்டத் தப்பட்டை நின்றது. குப்பாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சங்கு ஊதி ஓய்ந்தது.

பின்தெருக் கம்பெனிகளில் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த வீட்டில் பகல் நேரத்தில் மிஷின் சத்தம் கேட்காமல் இருந்ததே இல்லை. ஒரு காக்கை கூரைமேல் நடப்பதுகூடக் கேட்டது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

அமராவதி அம்மாவின் வலது காதருகே வாயை வைத்தாள்.

"அம்மா, நீ நூலை மாத்திச் சுத்தலை. அப்பாதான் கவுறு மாத்திக் கட்டிட்டாராம். காலைல உங்கிட்டச் சொன்னாரு. நீ அந்தக் காதுப் பக்கம் உக்காந்திருந்தே."

ஞானாம்பாள் மகள் பக்கம் திரும்பினாள். அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினாள். தெருக்கோடிவரை கேட்டது.

"நான் மாத்தலையா?"

தலைகள் நிமிர்ந்தன.

"இல்லைம்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"அடுத்த நாளே தெரியுமாம்."

ஞானாம்பாள் தன் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்தாள். ராட்டினம் சுற்றிக் காய்த்த கைகள்.

"அப்ப எதுக்குக் கண்ணு என்னை அடிச்சாரு?"

லிங்கசாமியின் கண்கள் ஞானாம்பாளின் இடது காதில் போய் நின்றன. குப்பாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். முந்நூறு பேர் நின்ற இடத்தில், மீதி நேரம் அந்தக் கேள்வி மட்டும்தான் இருந்தது. சங்குக்காரனுக்கு அன்றைக்குத் தூக்கமோ என்னவோ, அந்த இரண்டு நிமிடம் முடியவே இல்லை.

சங்கு ஊதியது. உறுதிமொழியைச் சொல்லித்தர வேண்டிய லிங்கசாமி கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் வேறு யாரோ ஆரம்பித்து எல்லோரும் முணுமுணுத்தார்கள். பிறகு அவர் முன்னால் வந்து, காகிதத்தைப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கந்தவேலண்ணன் பதினாறு வருசம் நம்மகூட நடந்தாருங்க" என்றார். கும்பிட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வாய்க்கரிசி போடும்போது ஞானாம்பாளைப் பிடித்துக்கொள்ள நாலு பெண்கள் கூட வந்தார்கள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அரிசியை ஒரே தடவை கையில் அள்ளி அவர் வாயருகே போட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கடைக்குப் போய் எதையோ வாங்க மறந்து வந்தவரிடம் கேட்பது மாதிரி கேட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா என்னங்க?"

பாடை எழுந்தது. தப்பட்டை மறுபடியும் முழங்க, ஊர்வலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் அப்படியே பின்னால் நடந்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய் நின்றார்கள். அதற்குமேல் போகிற வழக்கமில்லை. கூட்டம் நொய்யல் பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது. சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. கம்பெனிகளில் மிஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

மற்றவர்கள் வீட்டை நோக்கி நடந்தார்கள். ஞானாம்பாள் மட்டும் நின்றாள். மகளுக்கு வலது பக்கம் நின்றிருந்தவள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். வலது காதுமேல் கிடந்த முந்தானையை ஒதுக்கிவிட்டு மகளோடு ஒட்டி நின்றாள்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றாள்.